சிலேட்டும் பேரேடும்

சாமை விதைப்புக்கு மழையை எதிர்பார்த்திருந்த ஆனி மாதம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு மலையூர். சனிக்கிழமைகளில் என்னிடம் இயற்பியல் படிக்க வரும் பெண், தன் வீட்டுத் திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள். ஒன்று பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். 600-க்கு 500-ஐத் தாண்டிய மொத்தம். இன்னொன்று நீட் முடிவு. 720-க்கு 200-ஐத் தொடாத மொத்தம். அதன் கீழே 'குவாலிஃபைடு' என்று ஒரு சொல்.

"பாஸுன்னுதானே போட்டிருக்குது? அப்புறம் ஏன் சார் சீட்டு இல்லங்கறாங்க?" என்றார் அவள் அம்மா.

எப்படி விளக்குவது? நீட் தேர்வில் தகுதி என்பது வரிசையில் நிற்பதற்கான அனுமதி மட்டும். பழங்குடி, பட்டியலின, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு அந்தக் கோடு 40-ஆவது பெர்சன்டைல். 2022-இல் அது 93 மதிப்பெண்ணில் நின்றது. அந்த மதிப்பெண்ணுக்கும் மருத்துவக் கல்லூரி வாசலுக்கும் இடையே உள்ள தூரம் சாதாரணமானதல்ல. நான் சொல்லி முடிப்பதற்குள் பெண் கேட்டுவிட்டாள்: "ஒரு வருசம் இருந்து மறுபடி எழுதட்டுமா சார்?"

இதே கேள்வியை உலகத்தின் மறுமுனையிலும் இளைஞர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கல்லூரி முதலாண்டில் வேதியியலில் சறுக்கியவர், மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் தன் கல்வித் தகுதியை எப்படி உயர்த்துவது என்று கேட்கிறார். கேள்வி ஒன்றுதான். விடை சொல்லும் முறைகள் அடியோடு வேறு. நம்முடையது சிலேட்டு: பழையதை அழித்துவிட்டு மறுபடி எழுது. அவர்களுடையது பேரேடு: எழுதியது எழுதியபடியே இருக்கும், அதன் கீழே புதிய வரியைச் சேர். ஜவ்வாது மலையில் நின்றுகொண்டு இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

சிலேட்டிடம் ஒரு பெரிய கருணை இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீட் முடிவுத் தாளில் போன வருட மதிப்பெண் இருக்காது. எத்தனையாவது முயற்சி என்றும் இருக்காது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. மேல் வயது வரம்பையும் 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்துவிட்டது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், இவளைப் போன்ற பழங்குடிப் பிள்ளைகளுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். பதினேழு வயதில் 150 வாங்கியவள் பத்தொன்பது வயதில் 550 வாங்கினால், அந்த 150-ஐப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். தோல்வியின் வடு தாளில் தங்காது.

ஆனால் சிலேட்டை அழிக்கும்போது எல்லாமே அழிகிறது. அந்த 500 சொச்சம் எங்கே போயிற்று? உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தங்கிப் படித்த ஏழு வருடம் எங்கே போயிற்று? பிளஸ் டூ மதிப்பெண் வாசலில் காட்டும் அடையாள அட்டை ஆகிவிட்டது. உள்ளே அதற்கு எடை கிடையாது.

திரும்ப எழுதுவது தமிழ்நாட்டுக்குப் புதிது என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்கும் நுழைவுத் தேர்வை 100-க்கும் சுருக்கி, 300-க்குக் கட் ஆஃப் போடுவார்கள். அந்தக் காலத்தில் 'இம்ப்ரூவ்மென்ட்' என்ற சொல் ஒவ்வொரு ஊரிலும் புழங்கியது. "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால், "இம்ப்ரூவ்மென்ட் எழுதறான்" என்பார்கள். ஒரு வருடம் வீட்டில் இருந்து, டியூஷன் போய், உயிரியலையோ இயற்பியலையோ மறுபடி எழுதி மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்வது. நானே அப்படிப் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடக் கூலி வீட்டுப் பிள்ளை இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. கூலி வீட்டில் ஒரு வருடம் சும்மா இருப்பது என்ற பேச்சே கிடையாது.

இதே காரணத்தைச் சொல்லித்தான் 2000-களின் நடுவில் தமிழ்நாடு அந்த வழியை மூடியது. இம்ப்ரூவ்மென்ட் மதிப்பெண் தொழிற்கல்விச் சேர்க்கைக்குச் செல்லாது என்றானது. பின்னாலேயே 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவுத் தேர்வையும் எடுத்தது. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்: உயிரியல் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100. அந்தப் பத்து வருடங்களிலும் மலைப் பிள்ளைகள் கூட்டமாக மருத்துவம் போய்விடவில்லை. அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மனப்பாடப் பந்தயத்தில் நாமக்கல் பக்கத்துத் தனியார் பள்ளிகள் முன்னால் ஓடின. ஆனாலும் போட்டி அந்த வருடம் படித்து முடித்தவர்களுக்குள் நடந்தது.

2017-இல் நீட் இங்கே கட்டாயமானது. மூடிய கதவு, பழைய அளவைவிடப் பல மடங்கு பெரிதாகத் திறந்தது. 2021-இல் அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில், முந்தைய வருடங்களில் பிளஸ் டூ முடித்தவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 சதவீதம். 2020-21-இல் 71.42 சதவீதம். நீட்டைப் பற்றிய எல்லா வாதங்களையும் ஓரமாக வைத்துவிட்டு இந்த இரண்டு எண்களை மட்டும் ஒருவர் மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்பேன். முதல் முறை எழுதும் பதினேழு வயதுப் பிள்ளை, இரண்டாம் மூன்றாம் முறை எழுதும் அண்ணன் அக்காக்களோடு ஒரே கோட்டில் நின்று ஓடுகிறது. ஒரு வருடத்தை யாரால் விலைக்கு வாங்க முடிகிறதோ, சிலேட்டு அவர்களுக்கே அழியும்.

அந்த ஒரு வருடத்தில் அப்படி என்ன கூடுகிறது? அறிவா? ஒரு நாள் இந்தப் பெண்ணுக்குக் கப்பிக் கணக்கு ஒன்று கொடுத்தேன். கப்பியின் இரண்டு பக்கமும் கயிற்றில் தொங்கும் 3 கிலோ, 2 கிலோ எடைகள். முடுக்கம் எவ்வளவு? அவள் படம் போட்டாள். முதல் எடைக்கு மேலே இழுவிசை, கீழே புவியீர்ப்பு என்று அம்புக்குறி. அடுத்த எடைக்கும் அப்படியே. இரண்டு சமன்பாடு எழுதினாள். கூட்டினாள், இழுவிசை அடிபட்டுப் போனது. எடைகளின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தாள், ஐந்தில் ஒரு பங்கு ஈர்ப்பு முடுக்கம், ஏறத்தாழ 2 என்று கோடு போட்டு முடித்தாள். கிணற்றில் தண்ணி சேந்தும்போது குடம் காலியாகப் போவதையும் நிறைந்து வருவதையும் வைத்து, விடை சரியாக இருக்குமா என்று தானே ஒரு முறை சரிபார்த்தாள். நான்கு நிமிடம் ஆயிற்று. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். இதற்கு முழு மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க வழியில்லையே என்று நினைத்தேன்.

நீட்டில் 180 கேள்விக்கு 180 நிமிடம். சரியானால் 4, தவறானால் ஒன்று பிடித்தம். கோச்சிங்கில் ஒரு வருடம் இருந்த பிள்ளை அந்தக் கணக்கைப் பார்த்ததும் சூத்திரத்தை எடுத்துப் போட்டு, இருபது நொடியில் வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அந்த வேகத்தைக் குறைத்துப் பேசவில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேகம் வேண்டும்தான். ஆனால் திரும்ப எழுதும் வருடத்தில் பெரும்பாலும் வாங்கப்படுவது அந்த வேகம்தான், அதற்கு விடுதியோடு சேர்த்து லட்சத்துக்கு மேல் ஆகிறது.

மலையில் அந்த வருடத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. அவளுடைய அப்பா குடகில் காபித் தோட்டத்தில். தம்பி ஒன்பதாவது. பிளஸ் டூ முடித்த பெண் வீட்டில் இருந்தால் ஊரில் இரண்டே கேள்விதான்: எப்போது வேலைக்கு, எப்போது கல்யாணம். பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிறது, அங்கே உட்கார்ந்துதான் வகுப்பு வீடியோ பார்க்கிறாள். அரசு சும்மா இருக்கவில்லை. 2017-இல் 'தொடுவானம்' என்று மாநிலம் முழுக்க 412 மையங்களில் சனி, ஞாயிறு இலவசப் பயிற்சி அறிவித்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் வார இறுதி வகுப்புக்கும், எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத பேருந்துக்கும் மலையில் ஒத்துப்போவதில்லை.

2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடுதான் உண்மையில் நிலைமையைத் திருப்பியது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளும் சேர்த்து. அதற்கு முன் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். முதல் வருடமே முந்நூறுக்கு மேற்பட்ட எம்பிபிஎஸ் இடம் கிடைத்தது. இப்போது அது ஏறத்தாழ ஐந்நூறு. தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு ஒரு சதவீதம். அப்படியானால் ஐந்நூறில் ஐந்து. நீலகிரி, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், ஏற்காடு, ஜவ்வாது எல்லாவற்றுக்குமாக ஐந்து. இதிலும் பழைய மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆக, மலைப் பிள்ளைக்கு எதிரே நிற்பதும் ஒரு வருடம் கூடுதலாக வாங்க முடிந்த இன்னொரு மலைப் பிள்ளைதான்.

மதிப்பெண்ணுக்கும் முன்னால் இங்கே இன்னொரு தகுதிச் சான்று இருக்கிறது; அதை அமெரிக்கர்களுக்கு விளக்கவே முடியாது. மலையாளி என்ற பழங்குடிதான் தமிழ்நாட்டிலேயே பெரியது, 2011 கணக்கில் மூன்றரை லட்சம் பேர். ஆனால் பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், தருமபுரி, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் இருந்தால்தான் மத்தியப் பட்டியலின்படி பழங்குடி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளி அதே பேச்சு, அதே வழக்கம், ஆனால் பட்டியலில் இல்லை. ஜவ்வாது மலை வட ஆர்க்காட்டில் இருந்ததால் தப்பித்தது. சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர் தர வேண்டும். கலந்தாய்வுக்கு இரண்டு நாள் முன்பு கையெழுத்துக்கு அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி பேரேட்டுக்கு வருவோம்.

அமெரிக்காவில் மருத்துவம் என்பது பட்டம் முடித்தபின் சேரும் படிப்பு. விண்ணப்பங்களைத் திரட்டும் அம்காஸ் என்ற பொது அமைப்பு, மாணவர் கல்லூரியில் எழுதிய ஒவ்வொரு பாடத்தையும் வாங்கி ஓர் அட்டவணை போடுகிறது. முதலாண்டுக்கு ஒரு வரி, இரண்டாமாண்டுக்கு ஒரு வரி, மூன்று, நான்கு. அதற்குக் கீழே 'போஸ்ட் பேக்' என்று ஒரு வரி: பட்டம் முடித்தபின் கூடுதலாகப் படித்த பாடங்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதத்துக்குத் தனிச் சராசரி, மற்றவற்றுக்குத் தனி. பார்ப்பவர் கண் மேலிருந்து கீழே போகிறது. முதல் வரியில் தடுமாறியவர் கடைசி வரியில் நிமிர்ந்திருக்கிறாரா? அந்த ஏற்றம்தான் அங்கே பேச்சு. இரவு வகுப்பில் கரிம வேதியியல் படித்தது, ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தது, மருத்துவமனையில் தொண்டு செய்தது எல்லாம் ஏதோ ஓரிடத்தில் பதிவாகிறது. மருத்துவக் கல்லூரிக்குள் நுழைபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டத்துக்குப் பின் ஒரு வருடமாவது வெளியே இருந்துவிட்டு வருபவர்கள். அந்த வருடத்துக்கு அங்கே பேரும் உண்டு, கணக்கும் உண்டு.

பேரேடு மறக்காது. அதுதான் அதன் கொடுமை. பதினெட்டு வயதில் அப்பா இறந்த பருவத்தில் தோற்ற ஒரு பாடம், முப்பது வயதிலும் சராசரியை இழுத்துக்கொண்டே இருக்கும். மறுபடி எழுதி முதல் தரம் வாங்கினாலும் இரண்டையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகள் மட்டும் புதிய மதிப்பெண்ணைப் பழையதற்குப் பதிலாக ஏற்றுக்கொண்டிருந்தன. 2017-இல் அதுவும் நின்றது. டெக்சஸ் மாநிலத்தில், பத்து வருடத்துக்கு மேற்பட்ட பழைய பாடங்களைக் கணக்கில் எடுக்காமல் விட மாணவர் கேட்கலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது; பேரேட்டுக்குள் ஒரு சின்னச் சிலேட்டு. எம்கேட் என்ற நுழைவுத் தேர்வை வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம். முன்பு வாங்கிய மதிப்பெண்களும் கல்லூரிகள் கண்ணில் படும். இதற்கெல்லாம் ஆகும் பணம் கொஞ்சமல்ல, கடன் வாங்கித்தான் பெரும்பாலும் படிக்கிறார்கள். நம்மிடம் கோச்சிங் என்றால் அவர்களிடம் கூடுதல் பாடக் கட்டணம். ஒரு வருடத்தை வாங்க முடிந்தவருக்குத்தான் அங்கேயும் வழி.

இரண்டு முறைகளும் பணக்காரர் பக்கம்தான் சாய்கின்றன என்று இங்கேயே நிறுத்தியிருப்பேன். நிறுத்த விடாமல் செய்தது வடக்கு டகோட்டா.

அமெரிக்கப் பூர்வகுடிகள் அந்நாட்டு மருத்துவ மாணவர்களில், கலப்பினத்தவரையும் சேர்த்தால்கூட, ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கிறார்கள். நம் ஒரு சதவீதம் நினைவுக்கு வராமல் இருக்குமா? 1973-இல் வடக்கு டகோட்டா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, 'இன்மெட்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. பூர்வகுடிகளை மருத்துவத்துக்குள் கொண்டுவருவதுதான் அதன் வேலை. ஏழாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைக் கோடையில் பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்து, தங்கவைத்து அறிவியலும் கணிதமும் சொல்லித்தருகிறார்கள். பழங்குடிக் கல்லூரியில் படித்தவர் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது தடுமாறாமல் இருக்க இடையில் ஒரு பாலப் படிப்பு. எம்கேட்டுக்குத் தனிப் பயிற்சி. மருத்துவப் பள்ளியிலேயே இடமும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பூர்வகுடி மருத்துவர்கள் இந்த வழியில் வந்திருக்கிறார்கள்.

இதில் நான் கவனித்தது ஒன்று. தகுதியை உயர்த்தும் வேலையைப் பிள்ளையின் தலையில் மட்டும் கட்டவில்லை. மருத்துவக் கல்லூரியே பல வருடம் முன்னால் இறங்கிப் போய்ப் பிள்ளையைக் கூட்டி வருகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி 2001-இல் வேறு விதமாகச் செய்தது: வசதி குறைந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கொஞ்சம் குறைந்த மதிப்பெண்ணிலேயே சேர்த்துக்கொண்டு, முதலாண்டுப் பாடத்தை இரண்டு வருடமாக விரித்து நடத்துகிறது. அந்தக் கூடுதல் வருடம் வாசலுக்கு வெளியே காத்திருந்து கழிவதில்லை, உள்ளே படிப்பாகவே கழிகிறது. அதுவும் அவர்கள் சேர்ந்துவிட்ட மாணவர்களாக.

கூடுதல் காலம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க லண்டன்கூடப் போக வேண்டாம். மலையிலிருந்து இறங்கினால் வேலூர். ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி அப்போது எல்.எம்.பி. என்ற சான்றிதழ்ப் படிப்புதான் தந்தது. 1930-களின் இறுதியில் அந்தப் படிப்பு போதாது, பட்டப் படிப்பு வேண்டும் என்று சென்னை மாகாண அரசு சொன்னபோது, பள்ளியையே மூட வேண்டி வருமோ என்ற நிலை. ஆசிரியர்களும் படுக்கைகளும் கருவிகளும் சேர்க்கக் காலம் கேட்டார்கள், கிடைத்தது. கடல் கடந்து பணம் திரட்டினார்கள். 1942-இல் எம்பிபிஎஸ் தொடங்கியது. இன்றைய சி.எம்.சி. அப்படித் தன் தகுதியை ஏற்றிக்கொண்டு நின்றதுதான். அந்த நிறுவனத்தின் சமூக மருத்துவ ஊழியர்கள் இன்று ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கும் வருகிறார்கள்.

மலைப் பெண்ணுக்குப் படிகள் இருந்தால் ஏறுவாள் என்பதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. ஜமுனாமரத்தூரை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றதை 2024-இல் நாடே பேசியது. குழந்தை பிறந்த இரண்டாம் நாள் காரில் சென்னைக்குப் போய்த் தேர்வெழுதினார். அவர் ஏறிய வழி பேரேட்டு வழி: பள்ளி, சட்டப் பட்டம், பிறகு தேர்வு. பட்டத்தில் படித்த ஒவ்வொரு பாடமும் அடுத்த படிக்குக் கல்லானது. மருத்துவத்தில் நாம் அந்தப் படிக்கட்டையே வைக்கவில்லை.

நீட் வேண்டாம் என்று சட்டமன்றம் 2021-இலும் 2022-இலும் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025-இல் அறிவித்தார்கள். அந்தப் போராட்டம் நடக்கட்டும், நான் அதன் பக்கம்தான். ஆனால் அது முடியும்வரை இந்தப் பெண் காத்திருக்க முடியாது. அவளுக்கு வேண்டியது மாநில அரசால் இன்றைக்கே முடியக்கூடியது. பிளஸ் டூ முடித்த பழங்குடிப் பிள்ளைகளில் தகுதிக் கோட்டைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு வருடத்தை அரசு வாங்கிக் கொடுக்கட்டும். திருவண்ணாமலையிலோ வேலூரிலோ அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே விடுதி. மாதம் வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு ஓர் உதவித்தொகை, ஏனென்றால் அந்தப் பிள்ளை சம்பாதிக்க வேண்டிய வருடம் அது. முதலாண்டு எம்பிபிஎஸ் மாணவர்களே மாலையில் பாடம் சொல்லலாம். ஏழாம் வகுப்பிலிருந்து கோடை முகாம். தமிழகத்தின் மலைகள் முழுவதற்கும் சேர்த்தாலும் ஒரு வருடத்துக்கு எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? ஒரு சிறிய விடுதிக்குள் அடங்கிவிடுவார்கள்.

அந்தப் பெண் வீட்டில் ஒரு வருடம் இருக்கவில்லை. "சும்மா இருந்தா கட்டிக் குடுத்துடுவாங்க சார்" என்று சொல்லிவிட்டுத் திருவண்ணாமலையில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் சேர்ந்தாள். விடுதியில் இருந்துகொண்டே நீட்டுக்கும் படிக்கிறாள். செமஸ்டர் தேர்வும் நீட்டும் ஒட்டி ஒட்டி வருகின்றன. போன தடவை மலைக்குப் போனபோது செமஸ்டர் மதிப்பெண் தாளைக் காட்டினாள். செல் உயிரியலில் 88. வேதியியல் செய்முறையில் 94. இரண்டாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இது டாக்டர் சீட்டுக்கு எங்கயாவது சேருமா சார்?"

சேராது என்றேன். கேட்டுக்கொண்டு தாளை இரண்டாக மடித்து, நீட் ஹால் டிக்கெட் வைத்திருந்த அதே பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தாள். பிறகு நோட்டை எடுத்து, போன வாரம் விட்ட இடத்திலிருந்து, சாய்தளக் கணக்குக்குப் படம் போட ஆரம்பித்தாள்.